முழங்கை போகாத சட்டை

ஜனவரி 9

அக்காவுக்கு சின்னவ எழுதுற கடுதாசி.

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு, உக்காந்து படி. நீ நின்ன வாக்குல படிச்சுட்டுப் பாதியில விட்டுட்டுப் போற ஆளு.

நான் பேச ஆரம்பிச்சா ஊரைச் சுத்துவேன்னு நீ எப்பவும் சொல்லுவ. அதனால இந்த தடவை விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், அப்புறமா சுத்திக்கறேன். இதோட ஒரு சாக்கு வருது. உள்ள இருக்குறது எல்லாம் நீ அனுப்புன துணி. இருபத்தேழு வருஷமா உன் பழசுன்னு சொல்லி எனக்கு அனுப்புனதுல, கிழிஞ்சது போக மிச்சம். இனிமே பார்சல் அனுப்பாத. வருத்தப்படாத. சரி, வருத்தப்பட்டுக்கோ, ஆனா அனுப்பாத.

இப்ப சுத்தறேன்.

வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டேன். அவரு போனப்புறம் மூணு வருஷமா அந்த வீட்ல நானும் பீரோவும்தான். அதுல பீரோதான் எஜமானி. கதவைத் திறந்தா துணி மேல விழும். விழுந்ததைத் திருப்பி உள்ள தள்ளி, முட்டியால அமுக்கி, மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பூட்டணும். இத்தனைக்கும் நான் போட்டுக்கறது மாத்தி மாத்தி மூணே உருப்படி. மத்ததெல்லாம் உள்ள உக்காந்து வாடகை குடுக்காம குடியிருந்துச்சு.

இப்ப நான் வேலை பாக்குற கோழிப் பண்ணையிலயே எனக்கு ஒரு ரூம் குடுத்திருக்காங்க. பெரிய ஜன்னல். சுவத்துல ஒரு அலமாரி, ரெண்டு முழம் அகலம், கதவு கிடையாது. வாசல்ல ஒரு கோழி. கூண்டுல நிக்காது, முட்டையும் போடாது, காலையில எல்லாருக்கும் முன்னாடி வந்து ஷெட்டு ஷெட்டா எட்டிப் பாத்துட்டுப் போகும். அதுக்கு மேனேஜர்னு பேரு. நிஜ மேனேஜருக்கு இது தெரியாது.

என் வேலையை நீ கண்ணால பாத்ததில்ல. இருட்டு ரூம்ல ஒரு டப்பா, அதுக்குள்ள பல்பு, மேல ஒரு ஓட்டை. ஓட்டை மேல முட்டையை வெச்சா உள்ள இருக்குறது பளிச்சுன்னு தெரியும். மூணு தட்டு. நல்லதுக்கு ஒண்ணு, விரிசலுக்கு ஒண்ணு, கெட்டதுக்கு ஒண்ணு. சட்டமும் ஒண்ணே ஒண்ணுதான். கையில எடுத்த முட்டையை எடுத்த எடத்துலயே திருப்பி வெக்கக் கூடாது. பாத்தாச்சா, ஏதாவது ஒரு தட்டுக்குப் போயாகணும்.

துணியையும் அப்படித்தான் பாத்தேன். ஜன்னலுக்கு நேரா ஒவ்வொண்ணாத் தூக்கிப் புடிச்சு, "உன்னைப் போட்டுக்கிட்டு நான் எங்க போவேன்?"னு கேட்டேன். முதலாளியம்மா மக குடுத்த ஜிகினாச் சட்டை இருக்கே, அது பதிலே சொல்லல. அதைப் போட்டுக்கிட்டு ஷெட்டுக்குள்ள போனா நாலாயிரம் கோழியும் முட்டை போடறதை நிறுத்திடும். அவரோட சட்டை ஒம்பது இருந்துச்சு. எட்டை அவரு கூட மூட்டை தூக்குனவங்களுக்குக் குடுத்துட்டேன். ஒண்ணு வெச்சிருக்கேன். அது எங்கயும் போகாது. இருக்கட்டும்.

கடைசியா உன் துணி. அக்கா, பொய் சொல்லல. உன்னோடதை நான் தூக்கியே பாக்கல. நீலம், நீலம், வெளிறுன நீலம். அப்படியே அள்ளிச் சாக்குல போட்டேன். தொழிலுக்கே துரோகம்தான். பாக்காம ஒதுக்கக் கூடாது. ஆனா பாத்தா வெச்சுக்குவேன்னு பயமா இருந்துச்சு.

நான் நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து உன் கவுன், உன் பாவாடை, உன் செருப்பு. கல்யாணம் ஆனா முடிஞ்சிடும்னு நெனச்சேன், தபால்ல வர ஆரம்பிச்சுது. போன மாசம் கண்ணாடியம்மா, அதான் என் பக்கத்து டப்பாவுல முட்டை பாக்குறவ, "உனக்கு எந்தக் கலர் புடிக்கும்?"னு சும்மா கேட்டா. எனக்கு அம்பத்திரெண்டு வயசு. வாயைத் திறந்தேன், ஒண்ணும் வரல.

அதான் அக்கா. வேற ஒண்ணும் இல்ல. இருமல் எப்படி இருக்கு?

சின்னவ


ஜனவரி 20

சின்னவளுக்கு.

சாக்கு வந்துச்சு. எண்ணுனேன். நாப்பத்தோரு உருப்படி.

சாக்குலயாடி அனுப்புவ? ஆஸ்பத்திரியில முப்பத்தோரு வருஷமா துணி வெளுக்குறேன். இங்க அழுக்குத்துணிதான் சாக்குல வரும். வெளுத்த துணி மடிச்சு, கட்டி, தட்டுலதான் போகும். சோடா கலக்குற ரூம்ல இருக்காளே சோடாக்காரி, அவ பாத்துட்டு, "இது எந்த வார்டுலேர்ந்து வருது?"ன்னா. "என் தங்கச்சி வார்டு"ன்னேன்.

ஒண்ணு கூடவா வெச்சுக்கத் தோணல?

நான் உன்கிட்ட கணக்குப் பாக்கல. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பார்சலைக் கட்டுறப்பதான், எனக்கும் ஒருத்தி இருக்கான்னு தோணும். அது உனக்குத் தொந்தரவுன்னா இருபத்தேழு வருஷம் எதுக்கு வாங்கிக்கிட்ட? முதல் வருஷமே சொல்லியிருக்கலாமே.

மார்ச் மாசம் பத்து நாள் லீவு எழுதிக் குடுத்திருந்தேன். உன்னை வந்து பாக்கத்தான். சொல்லாம வந்து நிக்கலாம்னு இருந்தேன். திருப்பி வாங்கிட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அனுப்புன முழுக்கை சட்டை இதுல இல்ல. அதையும் அனுப்பிடு. எல்லாம் ஒரே எடத்துல கிடக்கட்டும்.

இருமல் இருக்கு.

அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு.

சாக்குல போட்டது தப்பு. கையில வேற ஒண்ணும் அகப்படல. தீவனச் சாக்கு, உதறிட்டுத்தான் போட்டேன். தப்புதான்.

நீ லீவு போட்ட விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? சொல்லாம வந்து நிக்கறதுக்கு சொல்லாம லீவு போட்டு, சொல்லாம திருப்பியும் வாங்கிட்ட. இதுல நான் கோவப்பட எடமே இல்லாமப் பண்ணிட்ட. உன் கெட்டிக்காரத்தனம் எனக்கு வராது.

சரி, அந்த முழுக்கை சட்டைக்கு வரேன். எங்க போச்சுன்னு ரெண்டு நாள் தேடுனேன். அலமாரியில இல்ல. கொடியில இல்ல. கண்ணாடியம்மாவைக் கேட்டேன், அவ முறைச்சா. அவ முறைக்கறப்ப கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துடும். ஒரு தடவை அப்படி வந்து முட்டைத் தட்டுல விழுந்துடுச்சு, அதை எடுக்கப் போயி பதினேழு முட்டை... அது பெரிய கதை, வேண்டாம். கடைசில பாத்தா மேனேஜர் அதும்மேல உக்காந்திருக்கு. மழை நாள்ல அதுக்குக் குளுருதேன்னு நான்தான் அவசரத்துல கைக்கு வந்ததைப் பெட்டியில விரிச்சுப் போட்டிருக்கேன். மறந்துட்டேன். சட்டையை எடுத்ததுக்கு அது என் கையை ரெண்டு கொத்து கொத்துச்சு. இந்தப் பண்ணையில உன் துணிக்கு மரியாதை குடுத்தது அது ஒண்ணுதான்.

துவைச்சு ஜன்னல்ல போட்டேன். காலை வெயில் நேரா அடிக்குது. நான் முட்டை பாக்குறவ, வெளிச்சத்துக்கு எதிர்ல ஒரு பொருள் தொங்குனா பாக்காம இருக்க என்னால முடியாது. பாத்தேன்.

சட்டை முழுக்க வெளிறிப் போயிருக்கு. ஏழெட்டு வருஷம் உழைச்ச சட்டை மாதிரி. ஆனா முழங்கை? புதுசு மாதிரி இருக்கு, அக்கா. நூல் நெருக்கமா, ஒரு எடத்துல கூட வெளிச்சம் கசியாம.

உன்னைப் பத்தி எனக்கு வேற என்ன தெரியுதோ தெரியலையோ, முழங்கை தெரியும். நீ உக்காந்தா முழங்கையை ஊணாம உக்கார மாட்ட. சாப்புடும்போதும், பேசும்போதும், படுத்துக்கிட்டே யோசிக்கும்போதும். முழங்கை போகாத சட்டை உனக்கு இந்த ஜென்மத்துல வாய்க்காதுன்னு அம்மா திட்டுவாங்களே.

இன்னொண்ணும் பாத்தேன். இடது கை மடிப்புக்குள்ள ஒரு கோடு, கருப்பா. தொட்டுப் பாத்தேன், குத்துச்சு. குண்டூசி. கடையில சட்டையை மடிச்சு அட்டையில குத்தி வெப்பாங்களே, அது. துருப்புடிச்சு துணியோட ஒட்டியே போயிடுச்சு. அதைப் போட்டுக்கிட்டு ஒரு நாள் இருந்திருந்தா மணிக்கட்டைக் கிழிச்சிருக்கும். நானும் அதைப் போட்டதில்ல. நல்லாருக்கே, அப்புறம் போட்டுக்கலாம்னு வெச்சேன். நீயும் போட்டதில்ல.

அப்ப அதைப் பழசாக்குனது யாரு?

சட்டையை அனுப்பல. நீ பதில் எழுதுனாத்தான் அனுப்புவேன். இல்லன்னா மேனேஜர்கிட்டயே குடுத்துடுவேன்.

சின்னவ


பிப்ரவரி 27

சின்னவளுக்கு.

ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன். இது மூணாவது.

நான்தான் பழசாக்குனேன்.

உனக்குக் கல்யாணம் ஆன முதல் வருஷம் உனக்கு ஒரு புது உடுப்பு, கடைப் பெட்டியோட அப்படியே அனுப்புனேன். அது உன் கைக்கு வரவே இல்ல. உன் வீட்டுக்காரர் மூட்டை ஏத்திக்கிட்டு இந்தப் பக்கம் லாரியில வந்தப்ப, ஆஸ்பத்திரி கேட்டுல என்னைக் கூப்புட்டு, பிரிக்காம திருப்பிக் குடுத்தாரு. சண்டையெல்லாம் போடல. தலையில கட்டுன துண்டை அவுத்துக் கையில வெச்சுக்கிட்டு நின்னாரு. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்குப் புதுசு நான் எடுத்துக் குடுக்கணும். என்னால முடியற அன்னைக்கு எடுத்துக் குடுப்பேன். நீங்க முந்திக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு? உங்க பழசு இருந்தா குடுங்க. அது அக்கா தங்கச்சி விஷயம், நான் வாயே திறக்க மாட்டேன்"னாரு.

எனக்கு அந்த மனுஷன் மேல கோவம் வரல. அவர் போற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் உள்ள போயி, பெட்ஷீட்டு சுத்துற பெரிய டிரம்முல அந்தப் புது உடுப்பைப் போட்டேன்.

அதுலேர்ந்து அதுவே வழக்கமாப் போச்சு. வாங்குறது, லேபிளை வெட்டுறது, சோடா போட்டு ரெண்டு சுத்து, சோடா இல்லாம ஒரு சுத்து, அப்புறம் மொட்டை மாடியில நாலு நாள் வெயில். திருப்பித் திருப்பிப் போடணும், இல்லன்னா ஒரு பக்கம் மட்டும் வெளிறும். சோடாக்காரிக்கு மட்டும் தெரியும். "நோயாளி துணியைப் பொழைக்க வெக்கத்தான் சம்பளம் குடுக்குறாங்க. நீ நல்லா இருக்குற துணியைக் கொல்றியே"ம்பா. அவ சிரிப்பா, நானும் சிரிப்பேன். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாத் தெரிஞ்சுது.

குண்டூசி எப்படித் தப்புச்சுன்னா, அந்த வருஷம்தான் எனக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொன்னாங்க, நான் மாத்தல. முழங்கை விஷயம் எனக்குத் தோணவே இல்ல. உன் கடுதாசி பாத்துட்டு என் சட்டையெல்லாம் எடுத்துப் பாத்தேன். ஒண்ணு பாக்கியில்லாம எல்லாத்துலயும் ஓட்டை. எனக்கே தெரியாது.

அவர் போனப்புறமாவது சொல்லியிருக்கலாம். சொல்லணும்னு மூணு வருஷமும் நெனச்சேன். ஆனா என்னன்னு ஆரம்பிக்கறது? பார்சல் கட்டுறப்ப கை அதுபாட்டுக்கு லேபிளை வெட்டிடுது.

நீலம் ஏன்னு கேக்கல நீ. ஆனா சாக்குல அள்ளுறப்ப "நீலம், நீலம்"னு எழுதியிருந்த. அதுக்கும் சொல்றேன். எனக்குப் பதினோரு வயசுல ஒரு நீலக் கவுன் வந்துச்சு, முழுக்கை வெச்சது. உனக்கு ஆறு. நீ அதைப் புடிச்சுக்கிட்டுத் தரையில உருண்டு அழுத. தெருவே வந்து பாத்துச்சு. அம்மா, "அக்காவுக்குச் சின்னதாப் போனா உனக்குத்தான்"னு சொல்லி அடக்குனாங்க. உன்கிட்ட வர்றப்ப அது சாயம் போயி, தொளதொளன்னு கிடந்துச்சு. நீ அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே நின்ன. அந்த முகம் எனக்கு இன்னும் இருக்கு. சம்பாதிச்சா இவளுக்குப் புது நீலமா வாங்கணும்னு அன்னைக்கே நெனச்சேன். அதைத்தான் செஞ்சேன்.

இப்ப நீ என்ன வேணா எழுது.

அக்கா


மார்ச் 6

அக்கா,

இந்தக் கடுதாசியில கதை கிடையாது. கோழியும் கிடையாது.

படிச்சுட்டு முதல்ல அழுதேன். அப்புறம் கோவம் வந்துச்சு. அந்தக் கோவத்துல அவருக்கும் பங்கு இருக்கு. ஆனா போனவரோட சண்டை போட முடியல, எதுத்துப் பேச மாட்டேங்கறாரு. அதனால அவரு பங்கையும் சேத்து நீயே வாங்கிக்கோ.

அவரு மானம் போகக் கூடாதுன்னு நீ பாத்த. உன் ஆசை நிறைவேறணும்னும் பாத்த. நடுவுல நான் ஒருத்தி இருந்தேனே? ஒவ்வொரு வருஷமும் பார்சலைப் பிரிச்சு, "அக்கா போட்டுக் கழிச்சது, நமக்கு இது போதும்"னு மாட்டிக்கிட்டுப் போவேன். போதும் போதும்னு சொல்லிச் சொல்லி, அது துணிக்கு மட்டும்னு இல்லாமப் போச்சு. எங்க போனாலும் கடைசி வரிசையில நின்னேன். பண்ணையில புது டப்பா வந்தப்ப பழைய டப்பாவை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். யாரும் என்னை அப்படி வெக்கல. எனக்கு அது பழகிப்போயிருந்துச்சு. நீ புதுசை டிரம்முல போட்டுப் பழசாக்குன. அதோட நானும் உள்ள சுத்திக்கிட்டு இருந்தேன் அக்கா.

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவருக்குத் தெரியாம ஒரு நாளாவது புதுசுன்னு தெரிஞ்சு போட்டிருப்பேன்.

இன்னொண்ணு. நான் நீலத்துக்கு அழல.

அந்தக் கவுன்ல வலது பக்கம் ஒரு பாக்கெட் இருந்துச்சு. ஞாபகம் இருக்கா? நீ அதுக்குள்ள கையை விட்டுக்கிட்டுத்தான் தெருவுல நடப்ப. ஏதோ பெரிய சமாச்சாரம் உள்ள இருக்குற மாதிரி. எனக்கு அந்த பாக்கெட்தான் வேணும். அதுக்குத்தான் உருண்டேன். கடைசில அது என்கிட்ட வந்தப்ப சாயம் போனதுக்காக நான் நிக்கல. பாக்கெட்டே இல்ல. நீ முழங்கையைத் தேச்சு ஓட்டை போட்டிருந்த. அம்மா பாக்கெட்டைப் பிரிச்சு அந்த ஓட்டைக்கு ஒட்டுப் போட்டிருந்தாங்க.

அப்புறம் நீ அனுப்புன எதுலயுமே பாக்கெட் இல்ல. இன்னைக்கும் என் பென்சிலை இடுப்புல செருகிக்கிட்டுத்தான் முட்டை பாக்குறேன்.

உன்கூட பேச மாட்டேன்னு சொல்லல. கொஞ்ச நாள் கழிச்சுப் பேசறேன்.

சின்னவ


மார்ச் 19

சின்னவளுக்கு.

நீ கொஞ்ச நாள்னு சொல்லியிருக்க. நான் பதில் கேட்டு எழுதல. எழுதி வெக்கறேன், எப்பத் தோணுதோ அப்பப் படி.

பாக்கெட்டுல ஒண்ணும் இருக்காதுடி. வெறும் கைதான். எனக்குக் கையை எங்க வெக்கறதுன்னு தெரியாது. அவ்வளவுதான்.

நீ சொன்னதெல்லாம் சரி. டிரம்மு கிட்ட நிக்கறப்பல்லாம் ஞாபகம் வருது. முப்பத்தோரு வருஷமா கேட்ட சத்தம், இப்ப காதுல வேற மாதிரி விழுது.

அந்த நாப்பத்தோரு உருப்படியும் கட்டில் மேல கிடந்துச்சு. ரெண்டு மாசமா நான் ஓரமா ஒடுங்கிப் படுத்தேன். ஞாயித்துக்கிழமை சோடாக்காரி வந்தா. "ஒண்ணு தூக்கிப் போடு, இல்ல நீ போட்டுக்கோ. ரெண்டும் பண்ணாம துணிக்குக் காவல் இருக்காத"ன்னா. சும்மா அவளை அடக்கறதுக்காக ஒரு ஸ்வெட்டரை எடுத்து மாட்டுனேன். கண்ணாடி முன்னாடி நின்னேன்.

சின்னவளே, எனக்கு அது ரொம்ப நல்லா இருந்துச்சு.

இன்னொண்ணு போட்டேன். அதுவும். சோடாக்காரி கட்டில்ல உக்காந்துக்கிட்டு, "இதெல்லாம் தங்கச்சிக்கு எடுத்த அளவாத் தெரியலையே. உன் தோளுக்கு வெட்டுன மாதிரி இருக்கு"ன்னா. கடையில ஒவ்வொண்ணையும் நான் என் மேல வெச்சுத்தான் பாப்பேன். நீ தூரத்துல இருக்க, வேற யார் மேல வெச்சுப் பாக்கறது? எனக்குப் புடிச்சா உனக்குப் புடிக்கும்னு எடுத்துட்டு வருவேன். நீலம் உனக்குப் புடிச்ச கலர்னு இத்தனை வருஷம் சொல்லிக்கிட்டு இருந்தேன். அது எனக்குப் புடிச்ச கலர். ஆறு வயசுப் புள்ள பேர்ல ஏத்திட்டேன்.

எனக்குன்னு வாங்க எப்பவும் ஒரு கூச்சம். உனக்குன்னா கூச்சம் இல்ல.

உன் மாதிரியே ஒவ்வொண்ணாத் தூக்கி, "உன்னைப் போட்டுக்கிட்டு நான் எங்க போவேன்?"னு கேட்டேன். ஆறு உருப்படி பதில் சொல்லுச்சு. வெச்சுக்கிட்டேன். மிச்சத்தை மடிச்சு, கட்டி, தட்டுல வெச்சு, நம்ம ஆஸ்பத்திரியிலேர்ந்து மாத்து உடுப்பு இல்லாம வீட்டுக்குப் போறவங்களுக்குக் குடுக்கச் சொல்லிட்டேன். சாக்குல இல்ல.

ஆறுல ஒண்ணுக்கு நேத்தே முழங்கை மெலிஞ்சிடுச்சு.

வரட்டுமான்னு கேக்க மாட்டேன். நீ சொன்னா வருவேன்.

அக்கா


மே 4

அக்காவுக்கு சின்னவ.

உக்காந்துட்டியா? கண்ணாடி? சரி. இந்த தடவை கோழி உண்டு.

மேனேஜர் முட்டை போட்டுடுச்சு! நிஜ மேனேஜர் நாற்காலியில. அவரு பாக்காம உக்காந்துட்டாரு. அன்னைக்குப் பூரா எல்லாரும் குனிஞ்சு தரையைப் பாத்துக்கிட்டே வேலை செஞ்சோம், நிமிந்தா சிரிச்சுடுவோம். அவரு பேண்ட்டோட நிலைமையைப் பத்தி நான் எழுத மாட்டேன், உனக்கே வெளுக்கற வேலை, புரிஞ்சுக்குவ.

உன் கடுதாசி வந்த அன்னைக்கே படிச்சேன். பதில் எழுதத்தான் நாள் ஆச்சு, ஏன்னா அதுக்குள்ள ஒரு வேலை இருந்துச்சு.

கடைக்குப் போனேன். தனியா. கண்ணாடியம்மா வரேன்னா, வேண்டாம்னுட்டேன். உள்ள போனா கடைக்காரப் பொண்ணு, "என்ன கலர் பாக்குறீங்க ஆன்ட்டி?"ன்னு கேக்குது. "அதைக் கண்டுபுடிக்கத்தான்மா வந்திருக்கேன்"னேன். பாவம், முக்கால்வாசிக் கடையை எடுத்துப் போட்டுச்சு. நான் ஒவ்வொண்ணாத் தூக்கிட்டு வாசலுக்குப் போயி வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பேன், காவலுக்கு நிக்கறவரு நான் ஓடிடுவேன்னு என் பின்னாலயே வருவாரு. நாலாவது தடவை, "நீங்க அங்கயே நில்லுங்க, நானே கொண்டுவந்து காட்டறேன்"னாரு. அவரும் நானும் சேந்துதான் எடுத்தோம்னு வெச்சுக்கோயேன். ஒரு சட்டையை நான் பாத்துக்கிட்டே நின்னேன். "இதுதானேம்மா?"ன்னாரு. எப்படித் தெரிஞ்சுதுன்னேன். "மத்ததையெல்லாம் மூஞ்சிக்கு நேரா புடிச்சீங்க. இதை மட்டும் நெஞ்சுல வெச்சுக்கிட்டு நிக்கறீங்க"ன்னாரு.

என்ன கலர்னு கேளு. முட்டை மஞ்சக்கரு கலர். சிரிக்காத. நாள் பூரா பாத்தும் அலுக்காத கலர் எனக்கு அது ஒண்ணுதான்னு அங்க நின்னப்பதான் தெரிஞ்சுது. ரெண்டு பாக்கெட். ஒண்ணுல பென்சில். இன்னொண்ணுல ஒண்ணும் இல்ல, கை.

முப்பது நாளா வாரத்துல நாலு நாள் அதைத்தான் போடுறேன். அலமாரியில இப்ப பதினோரு உருப்படி. எல்லாம் தெரியுது, ஒண்ணும் மேல விழல. அவரோட அந்தச் சட்டை ஓரத்துல. குண்டூசிச் சட்டையும் அங்கதான் இருக்கு. அதை நீ கேட்டாலும் தர மாட்டேன். வெளிச்சத்துல பாத்து நான் எடுத்து வெச்ச சட்டை அது. ஊசியை எடுத்துட்டேன். உன் பார்சல்லேர்ந்து எனக்குன்னு நானே எடுத்துக்கிட்டது அது ஒண்ணு.

நீ எனக்குச் செஞ்சது தப்பு. இப்பவும் தப்புன்னுதான் சொல்லுவேன். ஆனா ஒரு பொம்பள, தனக்கு உசிரா புடிச்ச நீலத்தை இருபத்தேழு வருஷமா தேடித் தேடி எடுத்து, ஒரு நாள் கூடப் போட்டுக்காம கட்டி அனுப்பியிருக்கா. அதையும் வெளிச்சத்துல வெச்சுத்தானே பாக்கணும். பாத்தேன். எந்தத் தட்டுல வெக்கறதுன்னு தெரியல. கையிலயே வெச்சுக்கிட்டு இருக்கேன்.

இதோட ஒரு பார்சல் வருது. சாக்கு இல்ல, அட்டைப்பெட்டி. உள்ள ஒரு சட்டை. உனக்கு. நீலம்தான், ஆனா வெளுக்காத நீலம். வலது பக்கம் ஒரு பாக்கெட், நானே வெச்சுத் தச்சேன், தையல் கோணலாத்தான் இருக்கும். ரெண்டு முழங்கையிலயும் உள்பக்கமா ரெட்டைத் துணி குடுத்திருக்கேன். குண்டூசி எல்லாத்தையும் தேடி எடுத்துட்டேன். லேபிளை மட்டும் வெட்டல. புதுசுன்னு தெரியட்டும்.

அலமாரியில ஒரு ஆணி காலியா இருக்கு. அதுல மாட்டிக்க ஒண்ணு ரெண்டு உருப்படி எடுத்துக்கிட்டு வந்து சேரு.

சின்னவ


மே 15

சின்னவளே,

சட்டை வந்துச்சு. இன்னைக்குப் போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

சோடாக்காரி சுத்திச் சுத்தி வந்து பாத்தா. பாக்கெட்டுக்குள்ள கையை விட்டுப் பாத்தா. "டிரம்முல போட்டு ஒரு சுத்து சுத்தித் தரட்டுமா?"ன்னா. "கிட்ட வந்தா தெரியும் சேதி"ன்னேன்.

தையல் கோணல்தான். கை நல்லா உள்ள போகுது.

லீவு எழுதிக் குடுத்துட்டேன். இருபத்தி ரெண்டாம் தேதி காலையில கிளம்புற பஸ். சொல்லிட்டு வரேன், பாத்துக்கோ. பையில ரெண்டே உருப்படி. மூணாவதைப் போட்டுக்கிட்டு வருவேன். மேனேஜரை நாற்காலியிலேர்ந்து இறக்கி வை.

லேபிளை நானும் வெட்டல. கழுத்துல குத்திக்கிட்டே இருக்கு. குத்தட்டும்.

அக்கா